ஏழாவது வீட்டில் யாரும் இல்லை

சேசு மரி சூசை துணை
மரக்காணம், 18 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி லாரன்ஸ் எழுதுவது. நானும் பிரியங்காவும் கீதாஞ்சலியும் ஆண்டவர் கிருபையில் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மலைக்குளிரில் கல்தரையில் முழந்தாள்படியிட்டால் வலிக்காமல் என்ன செய்யும் என்கிறாள் பிரியங்கா. நீ மடத்துக்குள் போய் இருபத்திரண்டு வருஷம். வெளியே வரக் கூடாது, போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்றால் வானூர் தாலுகா ஆபீசில் யாரும் நம்புவதில்லை. "இன்னுமா தபால் எழுதறீங்க சார்?" என்று என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு நாவல் எழுதுகிறேன். சிரிக்காதே. பிள்ளைகளுக்கான நாவல். சென்னையில் ஒரு பதிப்பாளர் ஆறு அத்தியாயம் படித்துவிட்டார், முடிவை வரும் மார்ச்சுக்குள் கேட்கிறார். கதை என்னுடையது இல்லை, உன்னுடையது. அம்மாவும் அப்பாவும் உப்பு வாரப் போகும்போது நம்மைத் தார்ப்பாய் நிழலில் உட்காரவைத்துவிட்டுப் போவார்களே, அப்போது நீ சொன்ன, ஏழே வீடுள்ள உப்பூர் கதை.

முதல் வீட்டில் நாளைக்கு நாயகம். எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளியதால் அவருக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. இரண்டாம் வீட்டில் கண்ணும் கருத்தும், அக்கா தங்கை. பாம்பு வந்தால் கண்ணு பார்ப்பாள், ஓடலாமா என்று கருத்து யோசிப்பாள், அதற்குள் பாம்பே சலித்துப் போய்விடும். அடுத்தது ஆற்றில் இறங்கப் பயப்படும் மண்குதிரை. அப்புறம் 'என்னை யாரும் கறி வைக்க மாட்டேங்கறாங்க' என்று அழும் ஏட்டுச் சுரைக்காய். ஐந்தில் ஆகாயக்கோட்டை மேஸ்திரி. சாரத்தை எதன்மேல் ஊன்றுவது என்பதுதான் அவர் கவலை. ஆறில் குதிரைக்கொம்பு வியாபாரி. கடை திறந்த நாள் முதல் "நேத்துதாங்க தீர்ந்துபோச்சு" என்கிறார்.

ஏழாவது வீட்டில் யார்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த வாசல்வரை வந்து நீ கதையை நிறுத்திவிட்டது மட்டும் நினைவிருக்கிறது. எழுதுவதைத் தினமும் கீதாஞ்சலிக்கு வாசிக்கிறேன். எட்டு வயசுக்காரி கேட்கும் கேள்விகளுக்கு அந்தப் பதிப்பாளரே தேவலை. முடிவை எழுதி அனுப்பு.

உன் ஜெபத்தில் எங்களை மறவாதே.
அன்புத் தம்பி,
லாரன்ஸ்


மலைமடம், 9 ஜூலை 2023

பிரியமுள்ள தம்பிக்கு,

அக்கா அற்புதமேரி ஆசீர்வதித்து எழுதுவது. நான் சுகம். முட்டியும் என்னோடு சேர்ந்து ஜெபிக்கிறது, கொஞ்சம் சத்தமாக.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் நினைத்துச் சிரித்துவிட்டேன். மௌனம் காக்கவேண்டிய நேரம். மதர் நிமிர்ந்து பார்த்து என்ன என்றார். சுரைக்காய் என்றேன். நல்லவேளை, அன்றைக்குக் குழம்பும் சுரைக்காய்தான். கருத்துவை நாளைக்கு நாயகத்துக்குக் கட்டிவைத்துவிடு. அவள் யோசித்து முடிப்பதற்கும் அவருக்கு நாளைக்கு வருவதற்கும் சரியாக இருக்கும். மண்குதிரைக்கு ஒரு குடை கொடு, பாவம்.

ஏழாவது வீட்டில் யாரும் இல்லை. பூட்டின வீடு. ஆறோடு முடித்துவிடு, பிள்ளைகளுக்கு அது போதும்.

பிரியங்கா கோட்டக்குப்பம் துணிக்கடைக்குப் போகும் நாளில், பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமையில், குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? எழுது.

சேசுவின் திருஇருதயம் உங்களைக் காக்கட்டும்.
அக்கா


மரக்காணம், 20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் நலம். உன் நலத்துக்கு மாதாகோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன்.

சனிக்கிழமைகளில் கீதாஞ்சலி சின்னப்பாப்பா பெரியம்மாவோடு இருக்கிறாள். பேர் சின்னப்பாப்பா, கூப்பிடுவது பெரியம்மா. நம் தெருவில் எல்லாமே இப்படித்தான். அம்மாவோடு ஒன்றாக உப்பு வாரியவர், அறுபத்தைந்திலும் விடவில்லை. மதியம் ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும்போது இவளையும் அழைத்துப்போகிறார்.

நீ பூட்டின வீட்டை இவள் திறந்துவிட்டாள். போன வாரம் வந்து, "அப்பா, ஏழாவது வீட்டுல ஆள் இருக்குது. பேரு வெறுங்கை" என்றாள்.

"யாரு சொன்னது?"

"அவரேதான். வெறுங்கை முழம் போடுமான்னு கேப்பாங்கல்ல, போடாதாம். அதனால சாண் போடறாரு. யாரை அளக்கறாரோ அவங்க கை சைசுக்கு அவரு கை சுருங்கிடும். எனக்கு ரெண்டு சாண் ஆயிடுச்சு" என்று முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். எண்சாண் உடம்பில் இன்னும் ஆறு பாக்கியாம்.

பெயரைக் கேட்டதும் எனக்கும் பொறிதட்டியது. நீ ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாய், இல்லையா? ஆனால் நான் இவளிடம் சொல்லவில்லை. நீ இவளைப் பார்த்ததோ ஒரே முறை, மூன்று வயதில், கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து. எப்படித் தெரிந்தது? எப்படியோ, அருமையான பாத்திரம்! எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அன்புடன்,
லாரன்ஸ்


மலைமடம், 3 செப்டம்பர் 2023

தம்பிக்கு,

ஆண்டவர் உங்களோடு இருப்பாராக. நான் சுகம்.

அவள் எந்த இடத்தில் பார்த்தாள்? அந்தப் பழைய கிணற்றுப் பக்கமா? உச்சிநேரமா? பக்கத்தில் வேறு யாராவது இருந்தார்களா? கையைக் கொடு என்று கேட்டாரா? கேட்டு உடனே எழுது.

பெரியம்மாவிடம் அந்தப் பெயரைச் சொல்லவேண்டாம். பிள்ளையிடமும் சொல்லிவை.

அக்கா


மரக்காணம், 29 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். ஆபீசில் வாக்காளர் பட்டியல் வேலை, அதனால் தாமதம். உன் கடிதம் போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது, கைகட்டிப் பதில் சொல்கிறேன். ஆமாம், பழைய உப்புத்தண்ணீர்க் கிணற்றுப் பக்கம்தான். மோட்டார் வந்தபிறகு அதில் யாரும் இறைப்பதில்லை, கைப்பிடிச் சுவர் பாதி சரிந்துகிடக்கிறது. ஆமாம், உச்சிநேரம். அந்த வெளிச்சத்தில் பாத்தி எது, வானம் எது என்று பெரியவர்களுக்கே தெரியாது. குழந்தைக்கு ஆள் தெரிந்தால் என்ன ஆச்சரியம்? கை எதுவும் கேட்கவில்லையாம். எட்டு சாணும் முடிந்தபிறகுதான் கேட்பாராம்.

இப்போது நாலு. இடுப்புவரை வந்துவிட்டார்.

பிரியங்காவுக்குத்தான் பிடிக்கவில்லை. கீதாஞ்சலியின் பாவாடையைத் துவைக்கும்போது பின்பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்த தடம் இருந்ததாம். கட்டைவிரல் ஒரு நுனி, சுண்டுவிரல் ஒரு நுனி. துணிக்கடைக்காரி அல்லவா, டேப்பை எடுத்து அளந்திருக்கிறாள். அச்சு அசல் கீதாஞ்சலியின் சாண். "அப்ப அவளே உப்புக்கையால வெச்சிருப்பா" என்றேன். "முதுகுப்பக்கம் அவ கை எப்படிங்க எட்டும்? நீங்க எழுதறதை நிறுத்துங்க" என்கிறாள்.

மழை ஆரம்பித்துவிட்டது, உப்பளமெல்லாம் தண்ணீர். வெறுங்கை இனி தை மாசம்தான் வருவாராம். நம் தாலுகா ஆபீஸ் ஆட்களைவிட ஒழுங்கானவர்.

அன்புடன்,
லாரன்ஸ்


மலைமடம், 26 நவம்பர் 2023

தம்பிக்கு,

சேசுவின் சமாதானம். இந்த மாதம் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை.

அடுத்த ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் தொடங்குகிறது. அதிலும் தவக்காலத்திலும் எங்களுக்குக் கடிதம் கிடையாது. வருவதையெல்லாம் மதர் ஒரு பெட்டியில் போட்டுவைப்பார், திருநாளன்றுதான் கையில் தருவார். அதனால் இப்போதே சொல்கிறேன். ஏழாவது வீட்டை எழுதாதே. எழுதினாலும் பிள்ளைக்கு வாசிக்காதே. முடிவை மட்டும் வாசிக்கவே வாசிக்காதே. உன் அக்கா உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

ஏன் என்று கேட்காதே, லாரன்ஸ்.

அக்கா


மரக்காணம், 17 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். குடில் கட்டிவிட்டோம். இடையனைவிட ஆடு பெரிதாக இருக்கிறது.

கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க நான் என்ன மண்குதிரையா? அந்தக் கிணற்றில்தான் பெரியம்மாவின் ஒரே பெண் தனகோடி விழுந்து இறந்தாள் என்று தெரியும். எனக்கு அப்போது ஆறு வயது. அது எந்தக் காலத்து விபத்து! அதற்கும் நம் விளையாட்டுக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

அன்புடன்,
லாரன்ஸ்


மலைமடம், 7 ஜனவரி 2024

பிரியமுள்ள தம்பிக்கு,

மூன்று ராஜாக்கள் திருநாள் ஆசீர். கிறிஸ்துமஸ் வாழ்த்து என்று உன் கடிதத்தை மதர் பெட்டியில் போடாமல் முன்னாலேயே கொடுத்துவிட்டார். நல்ல மனது.

தனகோடியைப் பற்றிக் கேட்டாய். ஏழு வயது. இரட்டைச் சடை. சிரித்தால் கண் காணாமல் போய்விடும். அதற்குமேல் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன், முடியவில்லை.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி பதினாலில் வருகிறது. அதன்பிறகு ஈஸ்டர்வரை உன் கடிதம் என் கைக்கு வராது. தை பிறந்தால் கீதாஞ்சலியை உப்பளத்துக்கு அனுப்பாதே.

அக்கா


மரக்காணம், 25 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒரு சந்தி இருக்கிறேன் என்று நினைக்காதே, நான்வெஜ் மட்டும்தான் நிறுத்தியிருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. நாலு சனிக்கிழமை அவளை வீட்டில் பூட்டிவைத்துப் பார்த்தேன், ஜன்னலைவிட்டு நகரவில்லை, சாப்பிடவில்லை. பெரியம்மா வந்து, "ஏம்பா, புள்ளைய எதுக்குடா அடைச்சி வெக்கற? நான் பாத்துக்க மாட்டனா?" என்றார். அனுப்பிவிட்டேன். இப்போது ஏழு சாண். கழுத்துவரை.

முடிவையும் எழுதிவிட்டேன். வெறுங்கை அளந்து முடிக்கிறார், சிறுமி அவரிடம் தன் கையைக் கொடுக்கிறாள், அவர் கை முதல்முறையாக நிறைகிறது. அவளை வெயிலே இல்லாத உப்பு மாளிகைக்கு அழைத்துப்போகிறார். எழுதும்போது நானே யோசித்த மாதிரி இல்லை, யாரோ பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல எழுதினது போல இருந்தது. இதைவிட நல்ல முடிவு கிடையாது.

உனக்கு இன்னும் ஒப்புதல் இல்லையென்றால் ஒரே ஒரு வரி எழுது. மார்ச் கடைசிவரை பார்க்கிறேன். வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஈஸ்டர் முடிந்ததும் கீதாஞ்சலிக்கு வாசித்துவிட்டுப் பதிப்பாளருக்கு அனுப்புவேன். தவக்காலம் என்று சாக்குச் சொல்லாதே. கிறிஸ்துமஸ் கடிதத்தைக் கொடுத்த மதர் இதையும் கொடுப்பார். உறைமேல் சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
லாரன்ஸ்


மலைமடம், 31 மார்ச் 2024, ஈஸ்டர் ஞாயிறு

லாரன்ஸ்,

வாசிக்காதே. இன்று காலை பூசை முடிந்ததும் மதர் பெட்டியைத் திறந்தார். உன் சிவப்பு மை ஐந்து வாரமாக அதற்குள் கிடந்திருக்கிறது. மதரிடம் அழுது போன் கேட்டேன், அவரே போட்டுக்கொடுத்தார். நீ கொடுத்திருந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. எண்ணை எப்போது மாற்றினாய்? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லாததைச் சொல்கிறேன். உனக்குச் சொல்லாத முடிவைத் தனகோடிக்குச் சொன்னேன். சித்திரை வெயில். அவள் பாதம் வெடித்து உப்பு எரிகிறது, குடத்தில் தண்ணீர் தீர்ந்துபோய்விட்டது, தாகம் தாகம் என்று அழுகிறாள். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அழுகையை நிறுத்தத்தான் சொன்னேன்: வெறுங்கை என்று ஒருத்தர் இருக்கிறார், எட்டு சாண் அளந்ததும் கையைக் கொடு, வெயில் இல்லாத உப்பு மாளிகைக்குக் கூட்டிப்போவார், அங்கே தாகமே எடுக்காது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன். நீ எழுதியிருக்கும் முடிவு வரிக்கு வரி அதுவேதான்.

அதற்கப்புறம் அவள் தினமும் என்னிடம் வந்து ஒரு சாண், ரெண்டு சாண் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் உச்சிநேரத்தில் போய்விட்டாள். தாகத்தில், உப்புத்தண்ணீர் என்றும் பாராமல் குடிக்கப் போய் வழுக்கிவிட்டாள் என்றார்கள். வரப்பில் அவள் காலடிக்குப் பக்கத்தில் ஈரமாகச் சாண் சாணாகத் தடம் இருந்தது. நான் பார்க்கப் பார்க்க அது காய்ந்து வெள்ளையாகியது. பெரியம்மா மண்ணில் புரண்டு அழுதபோது நான் அம்மா முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். நீ குழந்தை, பாவமில்லை என்றார் சாமியார். பெரியம்மாவிடம் சொன்னதில்லை.

குழந்தையைப் பிடித்து வை.

அக்கா


மரக்காணம், 8 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

முதலில் இதைப் படி: கீதாஞ்சலி உயிரோடு இருக்கிறாள். என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

உன் கடிதம் சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. முடிவை நான் திங்கட்கிழமையே வாசித்துவிட்டேன். சனிக்கிழமை மதியம் பெரியம்மா தண்ணீர்க்குடத்தை இறக்கிவைத்துத் திரும்பியிருக்கிறார், குழந்தை இல்லை. தூரத்தில் வரப்பின்மேல் நடந்துபோகிறாள். ஒரு கையைத் தோளுக்குமேல் தூக்கியபடி, உயரமான ஆள் யாரோ பிடித்துக் கூட்டிப்போவது மாதிரி. பெரியம்மா இந்த வயசில் எப்படி ஓடினாரோ. கிணற்று விளிம்பில் இடுப்பைப் பிடித்து இழுத்திருக்கிறார். அந்தக் கை மணிக்கட்டுவரை வெள்ளையாக உப்புக் கட்டியிருக்கிறது. மூன்று நாளாகச் சுடுதண்ணீரில் ஊறவைக்கிறோம், இன்னும் முழுசாகப் போகவில்லை.

நாவலைக் கிழித்துவிட்டேன். பதிப்பாளருக்கு ஒன்றும் அனுப்பவில்லை. நான் ஒரு முட்டாள், அக்கா. பெட்டியில் கிடந்த கடிதத்தைச் சம்மதம் என்று நினைத்தேன்.

இன்னொன்று. பெரியம்மா குழந்தையிடம், "யாரும்மா கூப்புட்டது?" என்று கேட்டிருக்கிறார். இவள் பெயரைச் சொல்லிவிட்டாள். பெரியம்மா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாராம். அன்று இரவு என்னிடம் வந்து சொன்னார்: "எம்பொண்ணு சாவறதுக்கு மொத நாளு சோறு துன்னும்போது இந்தப் பேரைத்தான்டா சொன்னா. யாருடி சொன்ன கதைன்னேன். சத்தியம் பண்ணியிருக்கேன்மா, சொல்ல மாட்டேன்னுட்டா. உங்கக்காவும் அவளும் ஒண்ணாத்தான கெடப்பாங்க. உங்கக்காவுக்குத் தெரியுமான்னு ஒரு வார்த்தை கேட்டு எழுது."

உன் கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. கேட்டு எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்லவேண்டியது நான் இல்லை.

கீதாஞ்சலி ஒரு சீட்டு எழுதியிருக்கிறாள். என்னைப் படிக்கவிடாமல் ஒட்டிவிட்டாள்.

லாரன்ஸ்


(உள்ளே இருந்த சீட்டு)

அத்தைக்கு, கீதாஞ்சலி எழுதறது. நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? வெறுங்கை கெட்டவரு இல்ல அத்தை. அவரு கை ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சு. கெணத்துகிட்ட போனதும் எனக்கு பயமா ஆயிடுச்சி, நான் வரல, அம்மா தேடுவாங்கன்னேன். அப்ப என்னை யாரு கூப்பிட்டதுன்னு கேட்டாரு. இந்தக் கதை எங்கப்பாது இல்ல, எங்க அத்தைதுன்னேன். அவங்க எங்கன்னாரு. மடத்து அட்ரஸ் சொன்னேன். பின்கோடும் சொன்னேன். அப்பதான் சின்னப்பாப்பாம்மா இழுத்தாங்க. அவரு வந்தா திட்டாதீங்க. டாட்டா.


மலைமடம், 28 ஏப்ரல் 2024

லாரன்ஸ்,

கீதாஞ்சலிக்கு என் முத்தம். வெறுங்கையை அவள் சரியான ஆளிடம்தான் அனுப்பியிருக்கிறாள். இதன் மிச்சம் பெரியம்மாவுக்கு. நீ உட்கார்ந்து நிதானமாக வாசித்துக் காட்டு. எந்த வரியையும் விட்டுவிடாதே.

பெரியம்மாவுக்கு, அற்புதமேரி வணங்கி எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? எங்கள் குழந்தையைக் காப்பாற்றினீர்கள். உங்கள் குழந்தைக்கு அந்தக் கதையைச் சொன்னது நான்தான். சத்தியம் வாங்கினதும் நான்தான். அவள் தாகத்துக்கு அழுதாள். என்னிடம் தண்ணீர் இல்லை, கதைதான் இருந்தது. அன்றைக்கே உங்களிடம் ஓடிவந்து சொல்லியிருந்தால் ஒருவேளை அவள் இருந்திருப்பாள். பயந்துவிட்டேன். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்து கதவைச் சாத்திக்கொண்டதும் அந்தப் பயத்தினால்தான். ஜெபத்தினால் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இங்கிருந்து கடல் ஒரு நாள் பயணம். ஆனாலும் பத்து நாளாக உச்சிநேரத்தில் எங்கள் தோட்டத்துக் கல்பாதையில் ஈரமாகச் சாண் சாணாகத் தடம் விழுகிறது, காய்ந்தால் வெள்ளையாகிறது. பெருக்கும் இளம் சிஸ்டர் குழாய் ஒழுகுகிறது என்கிறாள். நான் குனிந்து என் கையை வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. தினமும் கொஞ்சம் கிட்டே வந்து, முந்தாநாள் என் அறை வாசலுக்கு வந்துவிட்டது. நான் பயப்படவில்லை. வரட்டும் என்றுதான் இருந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். அவர் வெறுங்கையோடு வரவில்லை, பெரியம்மா. சாண் தடத்துக்குப் பக்கத்திலேயே சின்னப் பாதம் ஒன்று கூடவே வந்திருக்கிறது. குதிகால் வெடித்த பாதம்.

நேற்று மதியம் வாசலில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, கதவை மூடிக்கொண்டு முழந்தாளில் இருந்தேன். மணி அடித்ததும் திறந்து பார்த்தேன். செம்பு காலி. தரையில் ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்கவில்லை. இன்றைக்கும் வைத்தேன், இன்றைக்கும் குடித்திருக்கிறாள்.

மதரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். லாரன்ஸ் உங்களை அழைத்துவருவான். மதியத்துக்கு முன்னால் வந்துவிடுங்கள், அன்றைக்குச் செம்பை நீங்கள் உங்கள் கையால் வையுங்கள்.

இப்படிக்கு,
அற்புதமேரி